ஒன்று என்றால் எத்தனை? (உபதேசியார் பதில்கள்)

கேள்வி: சயா, என் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். கூட வேலை பார்க்கும் யூதர் ஒருவர், "உங்களுக்கு மூன்று கடவுள், எங்களுக்கு ஒன்று" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். மகன் இணையத்தைத் துழாவி, எபிரேயத்தில் 'எகாத்' என்றால் பலவும் சேர்ந்த ஒன்று, ஆகவே பிதா, சுதன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவம், 'கர்த்தர் ஒருவரே' என்று மோசே சொன்ன வசனத்திலேயே இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறான். அவரிடம் இதைச் சொல்லலாமா?
(ஒரு தாய், பெகு)

பதில்: சொல்ல வேண்டாம் என்று உடனே போன் போடுங்கள் அம்மா. அந்தப் பள்ளத்தில் நான் முன்பே விழுந்து எழுந்தவன்.

1991. யாங்கோன் 26-ம் தெருவில் ஒரு பெயிண்ட் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தெரு முழுக்கப் பெயிண்ட் கடைதான். அதற்கு நடுவில் யூதர்களின் முஸ்மேயா யேசுவா ஜெபக்கூடம். 1896-ல் கட்டி முடித்தது. யுத்தத்துக்கு முன் இந்த ஊரில் இரண்டாயிரத்துக்கும் மேல் யூதர் இருந்தார்கள். ஜப்பான்காரன் வந்தபோது பாதி, கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது மீதி என்று எல்லாரும் போய், நான் பார்க்கும்போது விரல் விட்டு எண்ணலாம்.

அவர்களில் ஒரு பெரியவர் பக்கத்துத் தெருவில் இரண்டாம் மாடியில் இருந்தார். கதவுக்குப் பச்சை அடிக்கச் சொல்லி எங்கள் கடையில் ஆள் கேட்டார். நான் அனுப்பிய பையன் கதவோடு நிலையையும், நிலையில் வலது பக்கம் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆணி அடித்திருந்த விரல் நீளத் தகரக் குழாயையும் சேர்த்துப் பச்சை ஆக்கிவிட்டான். பழைய தாழ்ப்பாள் என்று நினைத்தானாம். பில் வாங்கப் போன நான் பெரியவர் முகத்தைப் பார்த்ததும், பில்லைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு மண்ணெண்ணெய்த் துணியோடு உட்கார்ந்தேன்.

உள்ளே நனைந்திருக்கிறதா என்று பார்க்கக் குழாயைத் திறந்தார். வெற்றிலையை விடச் சின்னத் தோல், சுருட்டி வைத்தது. மேஜையில் விரித்துப் பிடித்தார். 22 வரி, கறுப்பு மை, கையெழுத்து. முதல் வரி உபாகமம் 6:4. "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." இந்த வார்த்தைகளை வீட்டு நிலைகளில் எழுது என்று அதே அதிகாரத்தின் 9-ம் வசனம் சொல்கிறது. நாம் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற இடத்தில் அவர்கள் ஒரு வாக்கியத்தை வைக்கிறார்கள்.

அந்த வரியில் இரண்டு எழுத்து மட்டும் பெரிதாக இருந்தன. கடைசி எழுத்தைக் காட்டிப் பர்மியில் விளக்கினார். அது 'தாலெத்'. வலது மேல் மூலை கூராக வெளியே நீட்டியிருக்கும். அந்த மூலை மழுங்கினால் 'ரேஷ்' என்ற வேறு எழுத்து. 'எகாத்' என்றால் ஒருவர். கடைசி எழுத்தின் மூலை தேய்ந்தால் 'அகேர்' என்று ஆகிவிடும். அதற்கு 'வேறொருவர்' என்று பொருள். யாத்திராகமம் 34:14-ல் அந்நிய தேவனை வணங்காதே என்று வரும் இடத்தில் 'அகேர்' என்ற சொல்லின் ரேஷையும் இதேபோல் பெரிதாக எழுதுவார்கள். தாலெத்தை ரேஷ் ஆக்கினால் உலகத்தையே அழித்தாய் என்று அவர்களுடைய பழைய உரை ஒன்று எச்சரிக்கிறது. ஓலைச்சுவடியில் 'ர'வுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது புரியும். பையன் கையில் இருந்த பச்சைப் பெயிண்ட் அந்த மூலையில் ஒரு சொட்டு விழுந்திருந்தால் என்று நினைத்தேன். நெஞ்சு திக்கென்றது.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். உபதேசியாராகப் புதிதாகச் சேர்ந்த வேகம். உங்கள் மகன் கண்டுபிடித்ததையே சொன்னேன். ஆணும் பெண்ணும் "ஒரே மாம்சம்" என்று ஆதியாகமம் 2:24 சொல்கிறதே, அங்கேயும் 'எகாத்'தானே? வேவுகாரர் கொண்டுவந்த ஒரு திராட்சைக்குலை, எண்ணாகமம் 13:23, அதுவும் 'எகாத்'தானே? ஆக எகாத்துக்குள் பலது இருக்கலாம் அல்லவா?

பெரியவர் கோபப்படவில்லை. ஜன்னலுக்குக் கீழே டீக்கடையில் தொங்கிய வாழைப்பழத்தைக் காட்டினார். "ஙப்யோதீ தபீ" என்றார். ஒரு சீப்பு வாழைப்பழம். "பன்னிரண்டு பழம் சீப்பில் இருக்கிறது. 'ஒரு'வில் இல்லை."

அவ்வளவுதான், என் வாதம் முடிந்தது. ஒரு குலை, ஒரு குடும்பம், ஒரு கட்டு வெற்றிலை என்று எதைச் சொன்னாலும் பன்மை அந்தப் பெயர்ச்சொல்லில் இருக்கும், எண்ணில் இருக்காது. பிரசங்கி 4:8-ல், துணைக்கு இன்னொருவர் இல்லாத ஒண்டி ஆளைச் சொல்லவும் இதே 'எகாத்'தான் வருகிறது. எபிரேயத்தில் அது வெறும் 'ஒன்று'. அதற்குள் எதையும் ஒளித்து வைக்க முடியாது.

அப்படியானால் உங்கள் மகன் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லட்டும். நம் விசுவாசம் அந்தச் சொல்லைப் பிளந்து வந்ததல்ல. காலையும் மாலையும் அந்த வசனத்தைச் சொல்லி வளர்ந்த யூதர்களே, இயேசுவை அறிந்த பிறகு, அவரையும் அந்த வசனத்துக்குள் வைத்து ஜெபித்தார்கள். பிரதான கற்பனை எது என்று ஒரு வேதபாரகர் கேட்டபோது இயேசுவே இதைத்தான் சொன்னார் (மாற்கு 12:29). கேட்டவரும் "சரிதான் போதகரே" என்றார். அந்த இடத்தில் இருவருக்கும் ஒரு பேதமும் இல்லை. பிறகு பவுல் 1 கொரிந்தியர் 8:6-ல் பிதாவாகிய ஒரே தேவன், இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர் என்று எழுதுகிறார். உபாகமத்தில் ஒருவரையே சொன்ன 'தேவன்', 'கர்த்தர்' என்ற இரண்டு சொல்லையும் எடுத்து, ஒன்றைப் பிதாவுக்கும் மற்றதைக் கிறிஸ்துவுக்கும் கொடுத்தார். இது ஒன்றை இரண்டாக்குவது என்கிறார் யூதர். அந்த ஒன்று இவ்வளவு பெரியது என்கிறோம் நாம். வழி பிரிகிற இடம் அதுதான். அகராதியில் தேடினால் அகப்படாது.

பெரியவர் என்னிடம் பணம் குறைக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் பாதி எடுத்துக்கொண்டேன்.


கேள்வி: ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குத் திரித்துவத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று சொல்லி வருகிறேன்.
(ஒரு ஆசிரியை, மோல்மேன்)

பதில்: டீச்சர், நீங்கள் சொல்லிக்கொடுப்பது சபெல்லியுவின் உபதேசம். 3-ம் நூற்றாண்டில் ரோமாபுரியில் திருச்சபை அவரைத் தள்ளி வைத்தது. ஒரே ஆள் காலையில் பிதா வேஷம், மதியம் சுதன் வேஷம், இரவில் ஆவி வேஷம் போடுகிறார் என்ற கருத்து அது. தண்ணீர் பனிக்கட்டியாக இருக்கும்போது ஆவியாக இருப்பதில்லையே! இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது யோர்தானில் சுதன் தண்ணீரில் நிற்க, பிதாவின் குரல் கேட்க, ஆவியானவர் புறாவைப் போல் இறங்கிய காட்சியை இந்த உவமையால் எப்படிச் சொல்வீர்கள்?

நான் சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்தது: பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்கள், மூன்று சர்வேசுரனா என்றால் இல்லை, ஒரே சர்வேசுரன். மனப்பாடம். 'ஆள்' என்ற சொல் அப்போதே இடறியது. தமிழில் மூன்று ஆள் என்றால் மூன்று டீ சொல்ல வேண்டும். லத்தீனில் அந்த இடத்தில் வரும் 'பெர்சோனா' என்பது கூத்தாடி போட்டுக்கொள்ளும் முகமூடிக்குப் பெயர், பிறகு வழக்காடும் தரப்புக்குப் பெயர். அந்தப் பொருள் எதுவும் நம் 'ஆள்' என்ற சொல்லில் இல்லை. புனித அகுஸ்தீனாரே இதைப் பற்றி மனம் விட்டு எழுதியிருக்கிறார். மூன்று ஆட்கள் என்று நாம் சொல்வது அதைச் சொல்லிவிட்டோம் என்பதற்காக அல்ல, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடக் கூடாதே என்பதற்காக என்று.

வகுப்பில் உவமையே வேண்டாம். யோர்தான் காட்சியைப் படம் போடச் சொல்லுங்கள். பிறகு சிலுவை அடையாளம் போட்டு, 'நாமத்தினாலே' என்கிறோமே, 'நாமங்களினாலே' என்றா சொல்கிறோம் என்று கேளுங்கள். பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.


கேள்வி: "நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும் மனுஷனை உண்டாக்குவோமாக" என்று ஆதியாகமம் 1:26-ல் கடவுள் பன்மையில் பேசுகிறாரே, யூதர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?
(கல்லூரி மாணவர், யாங்கோன்)

பதில்: பிரான்சில் துருவா ஊரில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்த ராஷி என்ற உரையாசிரியர் இப்படிச் சொல்கிறார். கடவுள் தேவதூதரிடம் கலந்து பேசினார். அவர்கள் உதவி தேவைப்பட்டு அல்ல. பெரியவன் சின்னவனிடம் ஒரு வார்த்தை கேட்டுச் செய்வது பண்பு என்று காட்டுவதற்காக. மாற்றார் இதைப் பிடித்துக்கொண்டு வாதம் செய்ய இடம் உண்டு என்று தெரிந்தும் வேதம் அந்தப் பண்பைச் சொல்லாமல் விடவில்லை. பதில் பக்கத்திலேயே இருக்கிறது, அடுத்த வசனத்தில் 'படைத்தான்' என்று ஒருமை வினைதான் வருகிறது என்கிறார்.

நம் பாடு வேடிக்கை. அந்த ஒருமை தமிழ் வேதாகமத்தில் தெரியாது. "சிருஷ்டித்தார்" என்று மரியாதை விகுதி போட்டுவிட்டோம். 'ஆசிரியர் வந்தார்' என்றால் எத்தனை ஆசிரியர் என்று கேட்கிற மொழியா நம்முடையது? எபிரேயத்தில் கடவுளைக் குறிக்கும் 'எலோஹிம்' என்ற பெயர் உருவத்தில் பன்மை, வினை ஒருமை. நமக்கு நேர் எதிர், பெயர் ஒருமையாக இருந்தாலும் வினை ஆர் விகுதியோடு நிற்கும். இன்னொன்று, எபிரேயத்தில் 'நாம்', 'நாங்கள்' பேதம் கிடையாது. தமிழில் எதையாவது தேர்ந்தே ஆக வேண்டும். மொழிபெயர்த்தவர்கள் 'நமது' என்று போட்டு, கேட்டுக்கொண்டிருப்பவரையும் படைப்பில் சேர்த்துவிட்டார்கள். அது சுதனோ, தூதரோ, அவரவர் விசுவாசம். என் கருத்தைக் கேட்டால், இந்த ஒரு வசனத்தின் மேல் திரித்துவத்தைக் கட்டாதீர்கள். அடித்தளம் வேறு இடத்தில் இருக்கிறது.


கேள்வி: யூதரும் கிறிஸ்தவரும் இதைப் பற்றி நேருக்கு நேர் வாதம் செய்திருக்கிறார்களா? யார் ஜெயித்தது?
(தமுவே வாசகர்)

பதில்: பட்டிமன்றம் என்றாலே நமக்கு ஒரு குஷி! 1263-ல் பார்சலோனாவில், அரகோன் அரசர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் நடந்தது. யூதர் தரப்பில் கிரோனா ஊர் ரபி (யூத குரு) நகுமானிதீஸ். எதிர்த் தரப்பில் பாவ்லோ கிறிஸ்தியானி, யூதராகப் பிறந்து கிறிஸ்தவரான தொமினிக்கன் துறவி. பேச்சு பெரும்பாலும் மேசியாவைப் பற்றித்தான். திரித்துவம் வந்தது கடைசியில், அரசரே ஜெபக்கூடத்துக்கு வந்தபோது. நகுமானிதீஸ் தாமே எழுதிவைத்த விவரம் இது. அரசர், திராட்சைரசத்துக்கு நிறம், சுவை, மணம் மூன்றும் இருந்தும் ரசம் ஒன்றுதானே என்றார். ரபி விடவில்லை. அந்த மூன்றும் ஒன்றையொன்று விட்டுப் பிரியக்கூடியவை, மூன்றில் எதுவுமே ரசம் அல்ல, இப்படி எண்ணப் போனால் மூன்றோடு நிற்காது என்றார். (லஃபெயே என்ற பர்மியத் தேநீர் குடிக்கிறவர்கள் யோசித்துப் பாருங்கள். நிறம், மணம், சுவை, சூடு என்று நான்கு ஆகிவிடும்.) பாவ்லோ எழுந்து, திரித்துவம் தேவதூதருக்கே விளங்காத ஆழம் என்றார். ரபி சட்டென்று, தெரியாததை ஒருவர் நம்ப முடியாது, ஆகவே தேவதூதர் திரித்துவத்தை நம்புவதில்லை என்று ஆகிறது என்றாராம்.

அவர் எழுதியபடி பார்த்தால் அவர் ஜெயித்தார். கிறிஸ்தவர் தரப்பின் லத்தீன் குறிப்பைப் பார்த்தால் தோற்றார். அதற்குப் பிறகு அவர் ஊரில் நிம்மதியாக இருக்க முடியவில்லை, 1267-ல் எருசலேம் போய்ச் சேர்ந்தார் என்பது மட்டும் இருதரப்புக்கும் பொது. அரசன் மேடை போட்டு, ஒரு தரப்பு மட்டும் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்ததை நான் பட்டிமன்றம் என்று சொல்ல மாட்டேன். மேலே குஷி என்றேனே, அதை அடித்துவிடுங்கள்.


கேள்வி: நம்மை யூதர்கள் விக்கிரக ஆராதனைக்காரர் என்று நினைக்கிறார்களா?
(பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: எந்த யூதர் என்பதைப் பொறுத்தது. 1204-ல் எகிப்தில் இறந்த யூத அறிஞர் மைமோனிதீஸ் கறார். கடவுளின் ஒருமை ஒரு இனத்தின் ஒருமை போன்றதல்ல, பகுதிகளாகப் பிரிக்கத்தக்க உடலின் ஒருமையும் அல்ல, அதைப்போல் வேறு ஒருமையே இல்லை என்று எழுதியவர். அவர் கணக்கில் இஸ்லாம் சுத்தமான ஏகத்துவம், கிறிஸ்தவம் அப்படி அல்ல. பிரான்சு, ஜெர்மனி பக்கத்து ரபிகள் வேறு மாதிரி பார்த்தார்கள். கடவுளோடு இன்னொன்றைச் சேர்த்து வணங்குவதற்கு 'ஷித்துஃப்' என்று பேர், அது யூதருக்குத்தான் விலக்கு, மற்றவருக்கு அல்ல என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. தெற்கு பிரான்சின் மெய்ரி என்ற ரபி இன்னும் ஒரு படி போய், கிறிஸ்தவரை நெறிக்குக் கட்டுப்பட்ட மக்கள் என்று தனியே வைத்தார்.

2000-ல் அமெரிக்க யூத அறிஞர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் 'தப்ரூ எமெத்' என்ற அறிக்கையில், யூதரும் கிறிஸ்தவரும் ஒரே கடவுளையே வணங்குகிறார்கள் என்று கையெழுத்துப் போட்டார்கள். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் லெவன்சன், அவரும் யூதர்தான், வித்தியாசத்தைப் பூசி மெழுகுகிறீர்கள் என்று மறுத்து எழுதினார். எனக்கு லெவன்சனைப் பிடிக்கும். பூசி மெழுகினால் என்ன ஆகும் என்று பச்சைப் பெயிண்டில் பார்த்தவன் நான்.

யூதர் வீட்டுக்குள்ளும் இந்தச் சண்டை உண்டு. தால்மூத் என்ற அவர்களுடைய பழைய நூல் தொகுப்பில் எலிசா பென் அபூயா என்று ஒரு மேதை. வானத்தில் மெத்தாத்ரோன் என்ற தூதர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, இரண்டு அதிகாரங்கள் இருக்கிறதோ என்றார். அன்றிலிருந்து அவர் பெயரைச் சொல்லாமல் 'அகேர்' என்றே குறிப்பிட்டார்கள். மூலை தேய்ந்த அதே சொல். பிற்காலத்தில் கபாலா மறைஞானிகள் கடவுளிடமிருந்து பத்து ஒளிநிலைகள் என்று பேசத் தொடங்கியபோது, "கிறிஸ்தவருக்கு மூன்று, இவர்களுக்குப் பத்து" என்று கேலி செய்தவர்களும் யூதர்களே. உங்களை யாராவது சீண்டினால் அவரிடம் இதைச் சொல்லலாம். சிரித்துக்கொண்டு சொல்லுங்கள்.


கேள்வி: நான் சைவன். "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" என்று திருமூலர் சொன்னதும் மோசே சொன்னதும் ஒன்றுதானே? எதற்கு இத்தனை பேச்சு?
(தன்லின் வாசகர்)

பதில்: ஐயா, சொல் ஒன்று, யாரைப் பார்த்துச் சொன்னது என்பது வேறு. திருமூலர் எந்த ஜனத்தையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அடுத்த அடியிலேயே "நன்றே நினைமின் நமனில்லை" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறார். மோசே "இஸ்ரவேலே" என்று அழைத்து, எகிப்திலிருந்து மீட்டவரோடு ஒரு உடன்படிக்கை பேசுகிறார். அவருடைய 'ஒருவரே'யில் ஒரு கல்யாண வீட்டு உரிமை இருக்கிறது. வேறொருவரைப் பார்க்காதே என்று. இரண்டும் அழகு. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு வதக்க எனக்கு மனம் இல்லை.


கேள்வி: பேத்திக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பர்மியில்தான் ஜெபிக்கிறாள். புத்தரையும் பகோடாவையும் சொல்கிற 'பயா' என்ற சொல்லாலேயே நம் கடவுளையும் கூப்பிடுகிறாளே, சரியா?
(ஒரு பாட்டி, யாங்கோன்)

பதில்: அம்மா, 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கிய ஜட்சன் பாதிரியாருக்கும் இதே கவலை இருந்திருக்கும். பர்மிய வேதாகமத்தை 1834-ல் முடித்தார். கர்த்தர் என்ற இடத்தில் பர்மிய வேதாகமத்தில் நிற்பது 'தாவர பயா'. தாவர என்றால் நித்தியமான. பாலிச் சொல். நம் 'தாவரம்' என்பதும் அதே குடும்பம்தான். இடம் பெயராமல் நிற்பது என்று பொருள், பிறகுதான் செடி கொடிக்கு ஆயிற்று. 'பயா' எல்லாருக்கும் பொது, 'தாவர'தான் இவர் யார் என்று காட்டுகிறது. பேத்தி முதல் சொல்லை விழுங்காமல் சொல்லுகிறாளா என்று மட்டும் பாருங்கள்.


கேள்வி: திரித்துவத்தை ஏற்காத தமிழ்க் கிறிஸ்தவர் யாராவது உண்டா?

பதில்: உண்டு. 1795-ல் சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் தனிச் சபையே தொடங்கினார்.


திருத்தம்: சென்ற இதழில் நிசேயா சங்கம் (ஆயர்கள் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம்) 381 என்று வந்துவிட்டது. நிசேயா 325. 2025-ல்தான் 1700 ஆண்டு நிறைவு கொண்டாடினோம். 381 கான்ஸ்டான்டிநோபிள். அச்சகத்தைத் திட்டி இரண்டு கடிதம் வந்திருக்கிறது. பிழை என் கையெழுத்துப் பிரதியில் இருந்தது. 325-ல் எழுதிய விசுவாசப் பிரமாணம், பரிசுத்த ஆவியையும் நம்புகிறோம் என்பதோடு நின்றுவிட்டது, பிறகு மாற்றிச் சொல்பவர்கள் மேல் வெறும் சாபங்கள். ஆவியானவரைப் பற்றி நாம் ஞாயிறுதோறும் சொல்லும் மீதி வரிகள் 381-ன் பெயரில் வழங்குபவை. இரண்டும் தொடங்குவது ஒன்றுபோலத்தான்: ஒரே கடவுளை நம்புகிறோம்.